வெள்ளிக்கிழமை மாத்திரை

யோகநாதன் மேசைமேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து, அதற்குள் ஒரு மாத்திரையைப் போட்டார். போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தாலி கட்டியாகிவிட்டது, இனிமேல் பந்திதான் என்று உட்காரும் மாப்பிள்ளைவீட்டுக்காரரின் சாய்வு அது.

“பாருங்கோ பிள்ளை. நல்லாப் பாருங்கோ.”

நல்லம்மாள் பார்க்கவில்லை. அந்தக் கிளாஸை அவள் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தாள். மாத்திரை ஓரத்தில் பொரியும், நடுவில் விரிசல் விடும், கடைசியில் கிளாஸின் அடியில் குருணையாக உதிர்ந்து கிடக்கும். அதைக் காட்டித்தான் மேனேஜரான அவர் இந்தத் தொழிற்சாலையில் இத்தனை வருஷமாக எல்லார் வாயையும் அடைத்திருக்கிறார்.

“உடைஞ்சுதோ இல்லையோ?”

“உடைஞ்சிருச்சு சார்.”

“விதியில சொன்ன நேரத்துக்குள்ள உடைஞ்சுதோ?”

“உடைஞ்சிருச்சு சார். ஆனா கரையல. உடையறது வேற, கரையறது வேற. கல்லை உடைச்சா ஜல்லி வரும், சர்பத்து வராது.”

“உங்கட வாய் இருக்கே...” யோகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் கவர்மென்ட் ஆஸ்பத்திரி டிஸ்பென்சரியில மருந்து கலக்கேக்க நீங்கள் பிறக்கவே இல்லை. இப்ப ஆச்சி காசு குடுத்து உங்களுக்கு ஒரு மெஷின் வாங்கித் தந்திருக்கிறா. அந்தக் கண்ணாடிச் சட்டி ஒரு நாளைக்கு ஓம் எண்டுது, ஒரு நாளைக்கு இல்லை எண்டுது. பிழை மெஷின்ல, மாத்திரையில இல்லை. இந்த பேட்சுக்குக் கையெழுத்துப் போடுங்கோ.”

“போட மாட்டேன்.”

“அப்ப அடுத்த மாசத்தோட உங்கட ப்ரொபேஷன் முடியேக்க, நான் ஆச்சியோட வேற கதை கதைக்க வேண்டி வரும்.”

நல்லம்மாள் எழுந்து வந்தாள். கதவை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினாள்.

ஸ்ரீ கெம்பாங்கானில், முன்பு ரப்பர் செருப்பு செய்த ஒரு கட்டடத்தில்தான் அந்த மருந்துத் தொழிற்சாலை இருந்தது. வெயில் ஏறினால் சுவரிலிருந்து இன்னும் செருப்பு வாடை வரும். முதலாளி அலமேலு ஆச்சி. கணவர் போனபிறகு, “வட்டிக்கடையை மூடினது மூடினதுதான், மாத்திரைக்கடையை மூட மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கணவரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்த மனுஷி. தலைவலி மாத்திரை, வைட்டமின் மாத்திரை என்று ஓடிக்கொண்டிருந்த இடத்தில், இப்போது இனிப்புநீர்க்காரர்கள், அதாவது சர்க்கரை வியாதிக்காரர்கள், சாப்பிடும் கிளிபென்கிளமைட் மாத்திரையையும் செய்ய ஆரம்பித்திருந்தார். சட்டம் இறுகிக்கொண்டு வந்த எண்பதுகளின் கடைசி. பட்டம் வாங்கிய ஆள் ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகும். அந்த ஆளாகத்தான் நல்லம்மாள் வந்து சேர்ந்தாள்.

கிள்ளான்காரி. அப்பா துறைமுகத்துக்கு ஓடும் லோரியில் கெலிண்டான்; மூட்டை ஏற்றுவார், இறக்குவார், சம்பளத்தாளில் பெருவிரலை உருட்டுவார். அந்தக் குடும்பத்தில் கையெழுத்து என்று ஒன்றை ஒருவர் கேட்டு வாங்கியது இவளிடம்தான் முதல்முறை. பினாங்கில் படித்து முடித்து வந்த அன்று, அவள் பேர் எழுதுவதை அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். எழுதி முடித்ததும், “இவ்ளோ நீளமா இருக்கே, கை வலிக்காதா?” என்றார். வலிக்காது என்றுதான் அன்றைக்குச் சொன்னாள்.

இனிப்புநீர் மாத்திரையின் வில்லங்கம் இதுதான். அந்த மருந்து தண்ணீரில் லேசில் கரையாது. பிடிவாதம் பிடித்த மருந்து. ஒரு மாத்திரையில் மருந்து என்பதோ கடுகளவு. மீதியெல்லாம் மாவும் பால்சர்க்கரையும்தான். மாவு தண்ணீரை உறிஞ்சி உப்பி மாத்திரையை உடைக்கும். கடைசியில், அச்சில் ஒட்டாமல் இருக்க, முகப்பவுடர் மாதிரி வழவழப்பான மெக்னீசியம் ஸ்டியரேட் கொஞ்சம். வேலைக்காரர்கள் அதைப் ‘பௌடர்’ என்றுதான் சொல்வார்கள். இத்தனையும் சேர்ந்து ஒழுங்காக நடந்துகொண்டால்தான் அந்தக் கடுகளவு மருந்து வயிற்றில் கரைந்து ரத்தத்தில் ஏறும். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கியவர் அதை அப்படியே கக்கூஸில் விட்டுவிட்டு வருவார். சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

அவளுடைய சோதனை மெஷினில் ஆறு கண்ணாடிச் சட்டிகள். உடம்புச் சூட்டில் ஒரு கரைசல். நடுவில் துடுப்பு சுழலும். முக்கால் மணி நேரம் கழித்து அதில் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு பேட்ச் எண்பது சதவீதத்தைத் தாண்டி ஜம்மென்று கரையும். அடுத்த பேட்ச் நாற்பதிலேயே படுத்துவிடும். அதே மருந்து, அதே அச்சு, அதே அளவு. பார்வைக்கு, தோற்ற பேட்ச்தான் இன்னும் அழகு. மாத்திரை பட்டுப்போல வழுவழுவென்று இருக்கும்.

முதலில் அவள் பழியை மாவின் மேல் போட்டாள். ஆச்சி உள்ளூர் மரவள்ளிக் கிழங்கு மாவைத்தான் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நல்லம்மாள் நேரே ஆச்சியின் அறைக்குள் போய் நின்றாள்.

“ஆச்சி, இந்த ஊபி மாவை நிறுத்துங்க. பிசாங் கோரேங், வாழைப்பழ பஜ்ஜி சுடுறதுக்குத்தான் இது லாயக்கு. மாத்திரைக்கு இல்ல.”

ஆச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன்த்தா, கிழங்கு மாவு உனக்கு என்ன பண்ணுச்சு? இந்த ஊரே அதைத் தின்னுதான் வளந்துச்சு.”

“சோளமாவு வேணும். வெளிநாட்டு மாவு.”

“வெளிநாட்டு மாவுன்னா வெளிநாட்டு விலை வருமே.”

“மாத்திரை கரைய வேணாமா?”

ஆச்சி முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தார். முதல் பேட்ச் கரைந்தது. நல்லம்மாள் தலை நிமிர்ந்து தொழிற்சாலையைச் சுற்றி வந்தாள். யோகநாதனின் அறை வாசலில் வேண்டுமென்றே இரண்டு தடவை நடந்தாள். இரண்டாவது பேட்ச் நாற்பதிலேயே படுத்துக்கொண்டது. அன்றைக்கு யோகநாதன் சிரித்த சிரிப்பு, அவள் காதில் இன்னும் இருந்தது. “வெளிநாட்டு மாவும் உங்கட மெஷினுக்குப் பிடிக்கேல்லையாம் பிள்ளை!”

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் இந்த ‘கையெழுத்துப் போடுங்கோ’.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றாலே நல்லம்மாளுக்குக் கொண்டாட்டம். மலாய்க்காரத் தொழிலாளர்கள் தொழுகைக்குப் போய்வரவேண்டும் என்பதால் மதிய இடைவேளை நீண்டு கிடக்கும். கணக்குப் பார்க்கும் மார்க்கிரட்டின் பழைய டட்சன் காரில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, புடவைக்கடை ஜன்னலில் எதையாவது பார்த்து ‘ச்சீ, இந்த விலையா’ என்று திட்டிவிட்டுத் திரும்பி வருவார்கள். வந்து சேர்ந்த நாள்முதல் ஒரு வெள்ளி தவறியதில்லை.

அன்று மார்க்கிரட் சாவியை ஆட்டிக்கொண்டு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள்.

“வா லா, நல்லா. இன்னிக்கு நண்டு போடுவான்.”

“நீ போ. எனக்குப் பசிக்கல.”

“யோகா மேல கோவம்னா யோகாவைக் கடி. நண்டு என்ன பண்ணுச்சு?”

“போறியா இல்லையா?”

“சரி சரி, போறேன். ஒரு கால் மட்டும் உனக்குக் கட்டிட்டு வரேன். நண்டுக் காலுதான், யோகா காலு இல்ல.”

டட்சன் இருமிக்கொண்டே போயிற்று. தொழிற்சாலை காலியாயிற்று. நல்லம்மாள் தேங்காய் ஜாம் தடவிய ஒரு காயா பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, தோற்றுப்போன மாத்திரைகளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கடமுட கடமுட என்று, ஆளில்லாத வீட்டில் யாரோ அம்மி அரைப்பது மாதிரி.

கூர்ந்து கேட்டாள். கலவை அறைப் பக்கம். எல்லாரும்தான் போய்விட்டார்களே, யார் வேலை செய்கிறார்கள்?

எழுந்து போய்ப் பார்த்தாள். விளக்கு அணைந்திருந்தது. இருட்டில் அந்தப் பெரிய எவர்சில்வர் டிரம் தன்பாட்டுக்குத் தலைகீழாகப் புரண்டு புரண்டு சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தரையில், வாய் திறந்த வெற்றுப் பை ஒன்று. குனிந்து எடுத்துப் பார்த்தாள். விரலில் வழவழவென்று ஒட்டியது. பௌடர்.

பௌடர் என்பது கடைசியில் போட்டு, நாலு சுற்றுச் சுற்றி இறக்கவேண்டிய சரக்கு. மற்ற நாளெல்லாம் கலவைக்காரர் ரசாலி பக்கத்திலேயே நின்று, போட்ட கையோடு இறக்கிவிடுவார், அவள் பார்த்திருக்கிறாள். இங்கேயோ அது தொழுகை முடிந்து ஆள் திரும்பி வரும்வரை உருண்டுகொண்டே இருக்கிறது. உருள உருள அந்த வழவழப்பு, குருணை ஒவ்வொன்றின் மேலேயும் தோலாகப் படிந்துவிடும். தோல் போர்த்திய குருணைக்குள் தண்ணீர் எப்படிப் போகும்? தண்ணீர் போகாமல் மருந்து எப்படி வெளியே வரும்?

பேட்ச் தாளில் ‘கலந்தாயிற்று’ என்று ஒரு சரிக்குறிதான் இருக்கும். அச்சடித்த மாத்திரை அவள் மேசைக்கு வருவதோ பல நாள் கழித்து. எது வெள்ளிக்கிழமைப் பிள்ளை, எது செவ்வாய்க்கிழமைப் பிள்ளை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்கவேண்டிய நேரத்தில் அவள் பிரிக்பீல்ட்ஸில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சுவிட்சைத் தட்டி அணைத்தாள். சத்தம் நின்ற மாத்திரத்தில் யோகநாதன் சாப்பாட்டுக் கையோடு தம் அறையிலிருந்து ஓடிவந்தார்.

“ஆர் நிப்பாட்டினது?”

“நான்தான். யாரு சார் இதை ஓட விட்டுட்டுப் போகச் சொன்னது?”

“நான்தான். மெஷின் சும்மா நிண்டா எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆள் தொழப் போனா மெஷினுமோ தொழப் போகவேணும்? ஓடட்டும். நல்லாக் கலந்தாத்தானே எல்லா மாத்திரையிலயும் மருந்து சரிசமமாப் போகும்? டிஸ்பென்சரியில நாங்கள் கை ஓயும் மட்டும் அரைப்பம் பிள்ளை, கை ஓயும் மட்டும்!”

“மருந்தைக் கலக்குங்க சார், விடிய விடிய கலக்குங்க. பௌடரைப் போட்டுட்டுக் கலக்காதீங்க!”

“ரெண்டும் ஒண்டுதானே?”

நல்லம்மாள் திட்ட வாயெடுத்தாள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் விரலில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்ததும் என்னவோ நின்றுவிட்டது. இந்த மனிதர் பித்தலாட்டம் செய்யவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, அக்கறையாக, வாரா வாரம், மாத்திரையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்.

“கை கழுவிட்டு வாங்க சார். உங்க கிளாஸ்லயே காட்டுறேன்.”

டிரம்மிலிருந்து ஒரு கரண்டி தூளை அள்ளிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அவளே போய் எடுத்துவந்த கலவையின் மாதிரி ஆய்வுக்கூட அலமாரியில் இருந்தது. அதிலும் ஒரு கரண்டி. யோகநாதனின் மேசையில் இரண்டு கிளாஸ் தண்ணீர். அந்த நேரம் பார்த்து அலமேலு ஆச்சியும் உள்ளே வந்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் திருநீறும் கையில் பிரசாதப் பொட்டலமுமாக நேரே தொழிற்சாலைக்கு வருவது அவர் வழக்கம்.

“என்னத்தா, ரெண்டு பேரும் தண்ணிப்பந்தல் வச்சிருக்கீக?”

“பாருங்க ஆச்சி,” என்று நல்லம்மாள் செவ்வாய்க்கிழமைத் தூளை முதல் கிளாஸில் தூவினாள். அது நனைந்து, கலங்கி, மெல்ல மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது. டிரம் தூளை இரண்டாவதில் தூவினாள். அது உட்காரவில்லை. தண்ணீரின் மேலே காய்ந்த ஏடாகப் பரந்து நின்றது. கரண்டியால் அமுக்கினாள். உள்ளே போய், காய்ந்தபடியே மறுபடி மேலே வந்தது. விரலில் தொட்டு எடுத்து ஆச்சியிடம் நீட்டினாள். “ஈரமே இல்ல, பாத்தீங்களா?”

யோகநாதன் குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஆச்சிதான் பேசினார். “இதுல என்ன அதிசயம்? முறுக்கு மாவுல முதல்லயே நெய்யைக் கொட்டித் தேய் தேய்னு தேச்சுப்புட்டா, அப்புறம் எம்புட்டுத் தண்ணி விட்டாலும் மாவு சேராது. அது மாதிரிதானே?”

“அதேதான் ஆச்சி.”

“அப்ப மாவு மேல குத்தம் இல்ல?”

நல்லம்மாளின் முகம் சுண்டியது. “இல்ல ஆச்சி.”

“எங்கூட்டுக் கிழங்கு மாவைப் பிசாங் கோரேங்னு சொன்னியேத்தா.”

“சொன்னேன். தப்புதான்.”

ஆச்சி சிரிக்கவில்லை; ஆனால் பொட்டலத்தைப் பிரித்து அவள் கையில் சர்க்கரைப் பொங்கலை வைத்தார்.

யோகநாதன் அதற்குள் நிமிர்ந்துவிட்டார். சும்மா விடுகிற ஆளா? “தண்ணியில மிதக்கிறது வேற, உங்கட சட்டியில கரையிறது வேற. நீங்கள்தானே பிள்ளை அப்பிடிச் சொன்னியள்? வாற வெள்ளிக்கிழமை கலப்பம். பௌடர் போட்டு நாலு சுத்து, அவ்வளவுதான். கரைஞ்சா நான் வாய் திறக்கமாட்டன். கரையாட்டி, நீங்கள் கையெழுத்தும் போட வேண்டாம், வேலைக்கும் வர வேண்டாம்.”

“கிழங்கு மாவுலயே செய்வோம் சார்,” என்றாள் நல்லம்மாள். சொன்னபிறகுதான், வாய் கொஞ்சம் நீண்டுவிட்டதோ என்று தோன்றியது.

அந்த வாரம் அவள் சரியாகத் தூங்கவில்லை. கிள்ளானுக்குப் போனபோது அப்பா, “என்னம்மா, வேலை நிரந்தரம் ஆயிருச்சா?” என்றார். “ஆயிரும்பா” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்த் தலையணையைக் குத்தினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பௌடர் போடாமல் கலவையை நிறுத்தி வைத்துவிட்டு ரசாலி தொழுகைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று அவளிடம் மலாயில், “முன்னாடியெல்லாம் ஓட விட்டது நான் இல்லை மிஸ். பாஸ் சுரூ” என்றார், பாஸ் சொன்னதைத்தான் செய்தேன் என்று. “தெரியும் அண்ணே, போயிட்டு வாங்க” என்றாள். டிரம் சும்மா நின்றது. யோகநாதன் அதைப் பார்க்கச் சகிக்காமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டுக் கேரியர் அப்படியே இருந்தது. மார்க்கிரட்டின் டட்சனும் அன்றைக்கு நகரவில்லை.

ரசாலி திரும்பி வந்து பௌடரைப் போட்டார். டிரம் நாலு சுற்றுச் சுற்றியது, நின்றது. இறக்கினார்கள். மறுநாளே அச்சடித்தார்கள்.

மாத்திரைகள் சட்டிக்குள் விழுந்தபோது அறைக்குள் நல்லம்மாள், யோகநாதன், ஆச்சி, மார்க்கிரட் என்று நாலு பேரும் நின்றார்கள். துடுப்புகள் சுழன்றன. மாத்திரை உடைந்தது, குருணை நனைந்தது, நனைந்த குருணை மேகம் மேகமாகக் கரைசலுக்குள் இழைந்தது. முக்கால் மணி நேரமும் யோகநாதன் உட்காரவில்லை. நல்லம்மாள் ஒவ்வொரு சட்டியிலிருந்தும் உறிஞ்சி, வடிகட்டி, அளவு பார்க்கும் கருவிக்குள் வைத்தாள்.

முதல் சட்டி எண்பத்தைந்து. அடுத்ததும் எண்பதுக்கு மேல். அடுத்ததும். ஆறு சட்டியும்.

யாரும் கைதட்டவில்லை. ஆச்சி மட்டும், “கிழங்கு மாவுத்தா, கிழங்கு மாவு!” என்று மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் சேமிப்பு அறையில் அடுக்கியிருந்த தோற்ற பேட்ச் பெட்டிகளைப் பற்றி அவரே கேட்டார். “அதையெல்லாம் என்னத்தா பண்றது?”

“கொட்டணும் ஆச்சி. எல்லாத்தையும்.”

ஆச்சி ஒரு பெருமூச்சு விட்டார். கணவர் நாற்காலிக்குக் கேட்டிருக்கும். “கொட்டுங்க. நம்ம மாத்திரையைத் தின்னுட்டு ஒருத்தர் கண்ணு போச்சு, காலு போச்சுன்னா, அந்தப் பாவத்தை எங்க கொண்டு போய்க் கரைக்கிறது?”

யோகநாதன் பேட்ச் தாளை எடுத்து நல்லம்மாள் முன்னால் வைத்தார். தம் சட்டைப்பையிலிருந்து பேனாவைக் கழற்றி, மூடியைத் திறந்து, நீட்டினார்.

“போடுங்கோ பிள்ளை. இப்ப நான் சொல்லேல்ல. உங்கட சட்டி சொல்லுது.”

அவள் பேர் முழுவதையும் எழுதினாள், சுருக்காமல். கை வலிக்கவில்லை.

“ஒண்டு கேக்கிறன்,” என்றார் யோகநாதன். “டிஸ்பென்சரியில நாங்கள் அப்பிடி அரைச்சதெல்லாம்...?”

“அது பௌடர் இல்லாத மருந்து சார். அதை அரைக்க அரைக்க நல்லதுதான்.”

அவர் மெல்லத் தலையாட்டினார். அந்தப் பதிலை எடுத்துப் பத்திரமாக எங்கோ உள்ளே வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இடைவேளையில் டிரம் சும்மா நின்றது. சும்மா நிற்கும் மெஷினுக்குக் காவல் எதற்கு? யோகநாதன் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். மார்க்கிரட் டட்சனின் பின்கதவைத் திறந்துவிட்டாள். “ஏறுங்க சார். இங்க நின்னா டிரம்மை எண்ணெய் போட்டுத் துடைக்க ஆரம்பிச்சிருவீங்க.”

பிரிக்பீல்ட்ஸ் கடையில் கூட்டம் அலைமோதியது. மூவருக்கும் மூன்று இலை. நல்லம்மாள் இரண்டாம் தடவை சோறு வாங்கினாள். முந்தின வாரம் விட்ட தூக்கத்தையும் பசியையும் ஒன்றாகச் சேர்த்துச் சாப்பிட்டாள். வெளியே பிங்க் நிற மினி பஸ் ஒன்று ஆளை உதறிவிட்டுப் போயிற்று. உள்ளே மின்விசிறிக் காற்றில் இலையின் நுனி படபடத்தது. அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லாமல் இருந்தது. அதுவே ஒரு மாதிரி புதிதாக இருந்தது.

யோகநாதன் சோற்றில் நண்டுக் குழம்பை ஊற்றினார். கொஞ்சம் பருப்பு சேர்த்தார். பிறகு பிசைய ஆரம்பித்தார். பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார்.

“போதும் சார்,” என்றாள் மார்க்கிரட். “ரொம்பக் கலக்கினா கரையாதாம்லா.”

யோகநாதனின் கை அந்தரத்தில் நின்றது. நல்லம்மாளைப் பார்த்தார். அவள் நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே, முகத்தில் ஒன்றும் காட்டாமல், “நெய் ஊத்தலைதானே சார்? அப்ப கலக்கலாம்” என்றாள்.

அவர் நிம்மதியாக மறுபடி பிசைந்தார்.